அற்புதப் பதக்கம்: காவல் எங்கே இருக்கிறது?

காலரா பாரிஸ் நகரத்துக்குள் நுழைந்தது 1832 மார்ச் மாதக் கடைசியில். ஏப்ரலில் மட்டும் 12,000 பேருக்கு மேல் செத்தார்கள். பிணம் ஏற்ற வண்டி போதாமல் கிடைத்த வண்டிகளிலெல்லாம் ஏற்றிப் போனார்கள். பிரதமர் கசிமிர் பெரியே மே 16 அன்று அந்த நோயிலேயே இறந்தார். மே மாதத்தில் சாவு மளமளவென்று குறைந்தது. ஜூன் 30 அன்று அத்ரியன் வஷெத் என்ற பொற்கொல்லரின் பட்டறையிலிருந்து அற்புதப் பதக்கத்தின் முதல் 1,500 பிரதிகள் வெளியே வந்தன. ஜூலையில் காலரா மறுபடி தலைதூக்கியது. முதல் அலையைவிடச் சிறியது அது. செப்டம்பர் இறுதியில்தான் முழுதாக ஓய்ந்தது. அந்த ஆண்டு பாரிஸ் பறிகொடுத்த உயிர்கள் 18,000க்கும் அதிகம்.

இந்தத் தேதிகளை வரிசையாக வைத்துப் பார்த்தால், பாரிஸில் காலராவை நிறுத்தியது இந்தப் பதக்கம்தான் என்ற பேச்சு நிற்காது. பெரும் சாவு முடிந்த பிறகே பதக்கம் வந்தது. வந்த பிறகும் ஓர் அலை அடித்தது. பதக்கத்தை வாங்கி அணிந்தவர்களில் பலர் பிழைத்திருக்கலாம். வாங்காதவர்களிலும் பெரும்பாலோர் பிழைத்தார்கள். கொள்ளைநோய் அதன் போக்கில் தணிகிற நேரத்தில் எதைக் கையில் பிடித்திருந்தோமோ அதற்கே புகழ் போய்ச் சேருவது உலகெங்கும் நடக்கிறதுதான். நோய்க்கும் பதக்கத்துக்கும் காரண காரியத் தொடர்பு காட்ட இதைவிட வலுவான சான்று வேண்டும். அது இல்லை.

அப்படியானால் பதக்கம் பொய்யா? பதக்கம் அணிந்தவர்கள் நடுவில் வளர்ந்த எனக்கு இந்தக் கேள்வி வெறும் ஆராய்ச்சிக் கேள்வி அல்ல. பிறந்த குழந்தையின் அரைஞாண் கயிற்றிலும், படுக்கையில் கிடக்கும் பாட்டியின் தலையணை உறைக்குள்ளும், வெளிநாடு போகிறவனின் பணப்பையிலும் அது இருக்கிறது. அணிகிறவர்களைப் பாமரர் என்று ஒதுக்கிவிட்டுப் போகிறவர்கள், அவர்கள் எதை நம்பி அணிகிறார்கள் என்று கேட்டதே கிடையாது. கேள்வி கேட்பதே விசுவாசக் குறைவு என்று வாயை அடைக்கிறவர்களும், திருச்சபையே இந்தக் கேள்வியை ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகக் கேட்டு வருகிறது என்பதை அறியாதவர்கள். ஆகவே பதக்கம் என்ன வாக்களிக்கிறது, யார் பெயரால் வாக்களிக்கிறது, அந்த வாக்கு எந்த அளவுக்குச் செல்லும் என்பதைப் பிரித்து எடைபோட்டாக வேண்டும்.

முதலில் பதக்கத்தைக் கையில் எடுத்துப் பார்ப்போம். நீள்வட்டம், கட்டைவிரல் நகத்தின் அளவு. இப்போது பெரும்பாலும் அலுமினியத்தில் வருவதால் உள்ளங்கையில் கனமே தெரியாது. முன்பக்கம் மரியா உலக உருண்டையின் மேல் நிற்கிறார், காலடியில் பாம்பு. இரு கைகளும் தாழ்ந்து விரிந்திருக்க, உள்ளங்கைகளிலிருந்து ஒளிக்கதிர்கள் கீழ்நோக்கி இறங்குகின்றன. சுற்றிலும் ஒரு சிறு செபம், 1830 என்ற ஆண்டு. பின்பக்கம் ‘எம்’ என்ற எழுத்தின் மேல் சிலுவை. அதன்கீழ் முள்முடி சூழ்ந்த இதயம் ஒன்று, வாள் ஊடுருவிய இதயம் ஒன்று. விளிம்பில் பன்னிரண்டு விண்மீன்கள். அந்தச் செபம், பாவமின்றி உற்பவித்த மரியாவை அழைத்து, அவரை நாடி வரும் நமக்காக வேண்டிக்கொள்ளும்படி கேட்கிறது. நோய் வராது, வண்டி கவிழாது, எதிரி கை ஓங்க மாட்டான் என்று அதில் எங்கும் பொறிக்கப்படவில்லை. கேட்கப்படுவது பரிந்துரை, அதுவும் ‘எனக்காக’ என்று தனியாள் கேட்பதாக இல்லை, ‘நமக்காக’ என்று பன்மையில் இருக்கிறது. பதக்கத்தின் மீதான எந்தத் தீர்ப்பும் இந்தச் செபத்திலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் கருத்து. ஏனென்றால் இது பொருளோடு ஒட்டிப் பிறந்தது. காலராக் கதை அதன்மேல் பிறகு வந்து படிந்தது.

இந்த வடிவம் வந்த வழி நன்கு அறியப்பட்டதுதான். பர்கண்டிப் பகுதியில் விவசாயக் குடும்பத்தில் 1806-ல் பிறந்த கத்தரீன் லபூரே, 1830 ஏப்ரலில் பாரிஸ் ரூ து பாக் தெருவிலுள்ள பிறரன்புப் புதல்வியர் சபை மடத்தில் நவதுறவியாகச் சேர்ந்தார். அதே ஆண்டு ஜூலையிலும் நவம்பர் 27 அன்றும் மடத்துச் சிற்றாலயத்தில் மரியாவைக் கண்டதாகத் தம் ஆன்ம குரு அலதெல் அடிகளிடம் சொன்னார். குரு உடனே நம்பிவிடவில்லை. ஏறக்குறைய ஈராண்டு கழித்துப் பேராயர் தெ கெலேன் அனுமதித்த பிறகே பதக்கம் அடிக்கப்பட்டது. கத்தரீன் சொன்னபடி, இதை அணிவோருக்கு, அதிலும் நம்பிக்கையோடு அணிவோருக்கு, மிகுந்த அருள்கள் கிடைக்கும் என்பதே வாக்கு. அருள் என்பது கத்தோலிக்க மறையியலில் இறைவனோடு உள்ள உறவைக் குறிக்கும் சொல். உடல்நலமும் அதன் கனியாக வரலாம், வராமலும் போகலாம். கத்தரீன் வாயிலிருந்து வந்த வாக்குக்கும் மக்கள் பதக்கத்தின்மேல் ஏற்றிய வாக்குக்கும் நடுவே உள்ள தொலைவு இங்கேயே தெரிந்துவிடுகிறது.

இன்னொரு தொலைவும் உண்டு. இதை யாரும் அதிகம் பேசுவதில்லை. கத்தரீன் கண்ட காட்சியில் மரியா தம் கைகளில் ஒரு சிறு உலக உருண்டையை ஏந்தி இறைவனுக்கு ஒப்புக்கொடுப்பதாகவும் ஒரு கட்டம் இருந்தது. அந்த உருண்டை உலகம் முழுவதையும், பிரான்சையும், ஒவ்வொரு மனிதரையும் குறிக்கிறது என்று அவர் விளக்கினார். அச்சுக்குப் போன வடிவத்தில் அது விடுபட்டது. கதிர் பொழியும் கைகள் மட்டும் நின்றன. இந்த விடுதல் கத்தரீனைக் கடைசிவரை உறுத்தியது. 1876-ல், இறப்பதற்குச் சில மாதங்களுக்கு முன், காட்சி கண்டவர் தாமே என்பதில் அதுவரை காத்த மௌனத்தைத் தம் தலைமைச் சகோதரியிடம் கலைத்ததற்கு உருண்டை ஏந்திய மரியாவின் சிலை செய்யப்பட வேண்டும் என்ற ஏக்கமே காரணம். சின்ன உலோகத் தகட்டில் எல்லாவற்றையும் அடைக்க முடியாது என்பது பட்டறைக்காரர் நியாயம். ஆனால் விளைவைப் பாருங்கள்: உலகத்தையே தூக்கிப் பிடித்த கைகள், அணிபவருக்குக் கொடுக்கும் கைகளாக மட்டும் எஞ்சிவிட்டன. ‘உலகத்துக்காக’ என்ற பாதி மங்கி, ‘எனக்கு என்ன கிடைக்கும்’ என்ற பாதி பளிச்சென்று ஆயிற்று. பின்னால் வந்த கோணல்கள் எல்லாவற்றுக்கும் இது காரணம் என்று சொல்ல மாட்டேன். வழி திறந்ததில் இதற்குப் பங்கு உண்டு.

சான்றின் வலுவையும் பார்க்க வேண்டும். 1836-ல் பாரிஸ் மறைமாவட்டம் முறையான விசாரணை நடத்தியது. காட்சி கண்டவர் விசாரணைக்கு வரவில்லை. தம்மை வெளிப்படுத்திக்கொள்ள விரும்பவில்லை. விசாரணைக் குழுவுக்கு முக்கியமாகக் கிடைத்தது அலதெல் அடிகளின் வாக்குமூலம். காட்சிக்கு ஒரே சாட்சி கத்தரீன், அவரையும் நேரில் கேட்க முடியவில்லை. முடிவு சாதகமாக வந்தது. நீதிமன்ற அளவுகோலில் இது மெலிந்த சான்றுதான். திருச்சபையும் இதை விசுவாசக் கோட்பாடாக யார் மேலும் சுமத்தவில்லை. தனிப்பட்ட வெளிப்பாடுகளை ஏற்கக் கத்தோலிக்கர் எவரும் கடமைப்பட்டவர் அல்லர். நவம்பர் 27-ல் திருநாள் கொண்டாட இசைவு, 1947-ல் கத்தரீனுக்குப் புனிதர் பட்டம் எல்லாம் கிடைத்த பிறகும் நிலை அதுவே. எனவே பதக்கத்தை நிராகரிக்கும் கத்தோலிக்கர் விசுவாசம் இழந்தவர் என்று யாராவது சொன்னால், அது திருச்சபை சொல்லாததைச் சொல்வது.

உடலில் கட்டிக்கொள்ளும் காவல் பொருள்களைப் பற்றிய சண்டை பாரிஸுக்கு வெகு காலம் முந்தியது. 4-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அந்தியோக்கியாவில், திருமுழுக்குக்கு ஆயத்தமானவர்களிடம் பேசும்போது யோவான் கிறிசோஸ்தோம் ஒரு பழக்கத்தைக் கடிந்தார்: மாசிதோனிய அலெக்சாந்தரின் செப்புக் காசுகளைத் தலையிலும் காலிலும் கட்டிக்கொள்வது. சிலுவையை நம்புகிறேன் என்று சொல்லிவிட்டு ஒரு கிரேக்க மன்னனின் உருவத்திடம் காவல் தேடுகிறாயே என்பது அவர் ஆத்திரம். அதே நூற்றாண்டில் லவொதிக்கேயா சங்கம், குருக்கள் தாயத்து செய்யக் கூடாது, அணிவோரைத் திருச்சபைக்குப் புறம்பாக்க வேண்டும் என்று விதித்தது. அகுஸ்தினாரும் கட்டுகளையும் மந்திரத் தகடுகளையும் மூடநம்பிக்கைப் பட்டியலில் வைத்தார். இத்தனைக்கும் பிறகு 603-ல் திருத்தந்தை பெரிய கிரகோரியார், லொம்பார்து அரசி தியோதெலிந்தாவின் கைக்குழந்தைக்குத் திருச்சிலுவை மரத்துண்டு பதித்த சிலுவையை அனுப்புகிறார், அணிவதற்கென்றே. இது கொள்கை மாறாட்டமா? அப்படி எடுத்துக்கொள்ள இடமிருக்கிறது. ஆனால் கட்டுவது எது, எதை நோக்கி என்ற வேறுபாட்டை அந்தக் காலத்தவர் உணர்ந்தே இருந்தார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. வாய்விட்டுத் தெளிவாகச் சொல்ல மட்டும் இன்னும் அறுநூறு ஆண்டுகள் பிடித்தன.

அந்தத் தெளிவைத் தந்தவர் தாமஸ் அக்குவினாஸ். இறைவார்த்தை எழுதிக் கழுத்தில் தொங்கவிடுவது தகுமா என்ற கேள்வியை அவர் வெட்டென்று தள்ளிவிடவில்லை. எழுத்தில் புரியாத பெயர்கள் இருக்கின்றனவா, பொய் ஏதும் கலந்திருக்கிறதா, எழுதிய விதத்திலோ கட்டிய விதத்திலோ நம்பிக்கை வைக்கப்படுகிறதா என்று கேட்கச் சொன்னார். புனிதப் பொருளை இறைவன் மேலும் புனிதர் மேலும் வைத்த நம்பிக்கையால் அணிந்தால் தவறில்லை. அதை வைத்திருக்கும் சிமிழ் முக்கோணமாக இருந்தால்தான் பலிக்கும் என்று எண்ணினால் அங்கே மூடநம்பிக்கை புகுந்துவிட்டது என்றார். முக்கோணச் சிமிழ் என்ற அந்தச் சின்ன எடுத்துக்காட்டு எழுநூற்றைம்பது ஆண்டு கழித்தும் கூர் மழுங்காமல் இருக்கிறது. இந்தக் கடையில் வாங்கியதுதான் பலிக்கும், இன்ன குருவானவர் மந்திரித்ததற்குத்தான் வல்லமை, வாசல் நிலையில் இந்தப் பக்கம்தான் அடிக்க வேண்டும், தலைமாட்டில் மூன்று வைக்க வேண்டும் என்று கேட்கும்போதெல்லாம் நான் அந்தச் சிமிழை நினைத்துக்கொள்கிறேன்.

அந்த அளவுகோலை முதலில் புனித ஆசீர்வாதப்பர் பதக்கத்தின் மேல் வைத்துப் பார்க்கலாம். நம்மூர்க் கத்தோலிக்கக் கடைகளிலும் இப்போது தாராளமாகக் கிடைக்கிறது. அதன் பின்பக்கச் சிலுவையிலும் சுற்றிலும் இலத்தீன் செபத்தின் முதலெழுத்துகள் வரிசையாக நிற்கின்றன: திருச்சிலுவை எனக்கு ஒளியாகட்டும், சாத்தானே அப்பால் போ என்ற பொருளில். இந்த எழுத்துகள் புகழடைந்த விதம் கவலை தருவது. 1647-ல் பவேரியாவின் நாட்டர்ன்பர்க்கில் சூனியக் குற்றம் சாட்டப்பட்ட பெண்கள், சிலுவையின் காவலில் உள்ள மெட்டன் மடத்தைத் தங்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை என்று விசாரணையில் சொன்னார்களாம். மடத்தில் தேடியபோது சுவர்களில் இந்த எழுத்துகளோடு சிலுவைகள் தென்பட்டன. 1415-ஆம் ஆண்டுக் கையெழுத்துச் சுவடியில் அவற்றின் விளக்கமும் கிடைத்தது. சூனியக்காரி என்று கட்டி நிறுத்தப்பட்ட பெண் தன் உயிருக்குப் பயந்து சொன்ன வார்த்தை எதற்குச் சான்றாகும்? ஐரோப்பா வெட்கப்பட வேண்டிய விசாரணைகள் அவை. அந்த வாக்குமூலத்தைப் பதக்கத்தின் வல்லமைக்கு ஆதாரமாக இன்றும் அச்சிட்டு விற்பது தப்பு. மறைநெறி சார்ந்த தப்பு மட்டுமல்ல, அந்தப் பெண்களுக்கு இரண்டாம் முறை செய்யும் அநீதி.

மறுபுறம், 1742-ல் இந்தப் பதக்கத்துக்கு ஒப்புதல் தந்த திருத்தந்தை 14-ஆம் பெனடிக்ட், அற்புதங்களை எப்படிச் சலித்தெடுக்க வேண்டும் என்று பெருநூலே எழுதிய கறாரான அறிஞர். அவர் ஏற்றது சுவடியில் கண்ட செபத்தை. செபம் நல்ல செபம்தான்; தீமையை ஒதுக்கித் தள்ளும் உறுதியை அணிபவர் தம் வாயால் சொல்கிறார். சிக்கல் என்னவென்றால், அணிபவருக்குப் பெரும்பாலும் அந்த எழுத்துகள் புரிவதில்லை. புரியாத எழுத்து தானாக மந்திர எழுத்தாகிவிடும். அக்குவினாஸ் எச்சரித்தது இதைத்தான். பொருள் சொல்லிக் கொடுக்காமல் கையில் தரப்படும் ஆசீர்வாதப்பர் பதக்கம், தாயத்திலிருந்து நூலிழை தூரத்தில் நிற்கிறது. அற்புதப் பதக்கத்துக்கு இந்த ஆபத்து குறைவு. அதன் செபத்தைத் தமிழில் எந்தக் குழந்தையும் சொல்லும்.

அற்புதப் பதக்கத்தின் பக்கம் பேசுகிறவர்கள் கையில் இருக்கும் மிக வலுவான நிகழ்வு காலரா அல்ல, ரதிஸ்போன். ஸ்திராஸ்பூர் நகரத்து யூத வங்கிக் குடும்பத்தைச் சேர்ந்த அல்ஃபோன்ஸ் ரதிஸ்போன் கத்தோலிக்கத்தின்மேல் கசப்பு கொண்டவர். 1842 ஜனவரியில் ரோமில் தங்கியிருந்தபோது பாரோன் தெ புசியேர் என்பவர், துணிவிருந்தால் இதை அணிந்து பாருங்கள் என்று பதக்கத்தை நீட்டினார். விளையாட்டாக வாங்கி அணிந்துகொண்டார். ஜனவரி 20 அன்று சந்த் அந்திரேயா தெல்லே ஃபிராத்தே ஆலயத்தில் புசியேருக்காகக் காத்திருந்தவர், பதக்கத்தில் உள்ளபடியே மரியாவைக் கண்டதாகச் சொல்லி முழந்தாளில் கிடந்தார். அந்த மாதக் கடைசியிலேயே திருமுழுக்குப் பெற்றார், பின்னர் குருவானார், தம் அண்ணன் தியோதோரோடு சேர்ந்து சீயோன் அன்னை சபைக்காக உழைத்து எருசலேமுக்கு அருகே இறந்தார். பெயரும் தேதியும் சாட்சிகளும் உள்ள நிகழ்வு. ரோமில் அதே ஆண்டு விசாரணையும் நடந்தது.

இதை எடைபோடும்போது இரண்டு பக்கமும் சங்கடம் உண்டு. தன்னெழுச்சியான மனமாற்றம் என்று இலேசாகத் தள்ளிவிட முடியாது. அடுத்த நாற்பது ஆண்டு வாழ்வு அதன் பின்னால் நிற்கிறது. பதக்கத்தின் ஆதரவாளர்களுக்குச் சங்கடம் வேறு விதம். அணிபவரின் உள்ளத்து மனநிலை வேண்டும் என்பது திருச்சபைப் போதனை. ரதிஸ்போனிடம் அது அறவே இல்லை. உலோகம் தானாக வேலை செய்தது என்று இதிலிருந்து முடிவு கட்டினால், திருச்சபை எதை மூடநம்பிக்கை என்கிறதோ அதையே நிறுவியதாகும். மறையியல் ரீதியான பதில் ஒன்று இருக்கிறது, அது எனக்கு ஏற்கத்தக்கதாகப் படுகிறது: புசியேரும் அவருடைய நண்பர் லா ஃபெரோனேயும் அந்த நாள்களில் ரதிஸ்போனுக்காக மன்றாடினார்கள். லா ஃபெரோனே அந்தக் காட்சிக்குச் சில நாள் முன்பே இறந்தும் போனார். பதக்கம் அவர்களுடைய மன்றாட்டின் கையொப்பம்போல ரதிஸ்போனின் கழுத்தில் கிடந்தது. இந்த விளக்கத்தை ஏற்றால் இன்னொன்றையும் ஏற்க வேண்டும்: ரதிஸ்போன் எந்த ஆபத்திலிருந்தும் காக்கப்படவில்லை. அவர் வாழ்வு தலைகீழாகப் புரண்டது. நிச்சயித்திருந்த திருமணம் முறிந்தது. பதக்கத்தின் தலைசிறந்த சான்று, காவலைப் பற்றிய சான்றே அல்ல.

கோல்பேயின் வாழ்வு இதை மறுக்க முடியாதபடி முடித்து வைக்கிறது. ரதிஸ்போன் நிகழ்வின் 75-ஆம் ஆண்டு நினைவால் உந்தப்பட்டு 1917-ல் ரோமில் அமலியின் படையைத் தொடங்கிய போலந்துக் குரு மாக்சிமில்லியன் கோல்பே, இந்தப் பதக்கத்தைப் பரப்பியவர்களில் முன்னணியில் நிற்பவர். அதைத் தம் படையின் தோட்டா என்பார். ஆஷ்விட்சில் வேறொரு கைதிக்குப் பதிலாகத் தாமே முன்வந்து பட்டினிக் கொட்டடிக்குள் போனார். 1941 ஆகஸ்ட் 14 அன்று நச்சூசி போட்டுக் கொன்றார்கள். பதக்கம் உடலைக் காக்கும் கவசம் என்றால் முதலில் காக்கப்பட்டிருக்க வேண்டியவர் அவர். அவரைக் காக்கவில்லை என்பதால் பதக்கம் தோற்றது என்று எந்தக் கத்தோலிக்கரும் சொல்வதில்லை. சொல்லத் தோன்றுவதும் இல்லை. அப்படியென்றால் பதக்கத்திடம் எதிர்பார்க்க வேண்டியது உடல் பாதுகாப்பு அல்ல என்பது நம் அடிமனத்துக்குத் தெரிந்தே இருக்கிறது.

சபை வழக்கில் பதக்கம் அருள்வேண்டல் குறிகளில் ஒன்று: திருமுழுக்கு, நற்கருணைபோலத் தன்னளவில் அருள் தராது, திருச்சபையின் மன்றாட்டால் மனிதரை அருளுக்கு ஆயத்தப்படுத்தும். கத்தோலிக்க மறைக்கல்வி இதைச் சொன்ன கையோடு, உள்ளம் சேராத வெறும் வெளிச் செயலுக்குப் பலன் உண்டென நம்புவது மூடநம்பிக்கை என்றும், தாயத்து அணிவது கண்டிக்கத்தக்கது என்றும் எழுதி வைத்திருக்கிறது. பொதுமக்கள் பக்தி பற்றி 2001-ல் வத்திக்கான் வெளியிட்ட வழிகாட்டி, பதக்கங்களைப் பெயர் சொல்லியே மந்திரப் பொருளாக்கக் கூடாது என்றது. ஆக, கோட்பாட்டில் குழப்பம் இல்லை. குழப்பமெல்லாம் ஆலய வாசலில் இருக்கும் கடையிலும், அங்கே பதக்கத்தோடு சேர்த்துத் தரும் அச்சடித்த தாளிலும், சில நேரம் மேடையிலும்தான். மறைக்கல்வியில் சொல்வதை மேடையில் சொல்லாமல் விட்டால், மக்கள் கேட்பது மேடையைத்தான்.

எதிர்த்தரப்பையும் அதன் முழு வலுவோடு கேட்க வேண்டும். புராட்டஸ்டன்ட் சபையார் சொல்வது இது: நீங்கள் எவ்வளவு விளக்கினாலும் பொருளைக் கையில் கொடுத்துவிட்டால் மனம் பொருளில்தான் போய் ஒட்டும், ஆகவே கொடுக்காதீர்கள். மனித மனத்தைப் பற்றிய இந்தக் கணிப்பு பெருமளவு உண்மை. ஆனாலும் முடிவை நான் ஏற்கவில்லை. மனிதர் உடலோடுதான் வேண்டுகிறார்கள். மரணப்படுக்கையில் செபத்தின் சொற்கள் நினைவுக்கு வராத கிழவியின் விரல்கள் பதக்கத்தைத் தடவிக்கொண்டிருக்கும். அந்த விரல்கள் செபிக்கின்றன. பொருளைப் பிடுங்கிவிட்டால் படித்தவர்களின் பக்தி மட்டும் மிஞ்சும்.

பகுத்தறிவாளர் வாதம் மருத்துவத்தைப் பற்றியது. இதில் காலத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். 1832-ல் காலராவுக்கு மருத்துவர் கையிலும் ஒன்றும் இல்லை. இரத்தம் வடித்தார்கள், அட்டை விட்டார்கள். நோய் தண்ணீர் வழியே பரவுகிறது என்று ஜான் ஸ்னோ இலண்டனில் காட்டியது 1854-ல்தான். யாரோ நஞ்சு கலக்கிறார்கள் என்ற வதந்தியில் பாரிஸ் தெருவில் மனிதர்களை அடித்தே கொன்ற நாள்கள் அவை. அந்தப் பீதியின் தொடர்ச்சியாக வந்த ஜூலை அலையில் கழுத்தில் பதக்கம் மாட்டிக்கொண்டு அண்டை வீட்டாருக்குப் பணிவிடை செய்யப் போன ஒருவர் எந்த நல்ல மருந்தையும் ஒதுக்கவில்லை. இன்று நிலைமை வேறு. வயிற்றுப்போக்கில் துவண்ட குழந்தைக்கு உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுக்காமல் பதக்கத்தை மட்டும் கட்டிவிட்டு உட்காரும் வீடு இருந்தால், அங்கே பதக்கம் கொல்கிறது. இதில் நான் சமாதானம் பேசத் தயாராக இல்லை.

இதற்கு அடுத்து எனக்குப் பெரிதாகப் படுவது பலிக்காத இடத்தில் என்ன நடக்கிறது என்பது. நல்லது நடந்த கதைகள் அச்சேறும். கெட்டது நடந்த வீட்டுக்கு யாரும் பேனாவோடு போவதில்லை. சாலை விபத்தில் மகனைப் பறிகொடுத்த வீட்டில், “பதக்கம் போட்டிருந்தானே, அப்புறம் எப்படிம்மா?” என்று கேட்கும் ஒரு குரல் இருக்கும். “நம்பிக்கையா போட்டிருக்கணும்” என்று இன்னொரு குரல் பதில் சொல்லும். காவல் பற்றிய வாக்கை மிகைப்படுத்தியவர்களின் கடன் அந்த நிமிடத்தில் அந்தத் தாயின் கணக்கில் எழுதப்படுகிறது: பதக்கத்தில் குறை இல்லை, எனவே உன்னில் குறை. இதைவிடக் கொடிய மறையுரை இருக்க முடியாது. பதக்கத்தைக் காப்பாற்ற அந்தத் தாயைப் பலி கொடுக்கும் எந்த விளக்கமும் கிறிஸ்தவ விளக்கம் அல்ல.

ஆகவே என் தீர்ப்பு. உடலுக்குக் காவல் என்ற உரிமைகோரலில் அற்புதப் பதக்கம் நிரூபிக்கப்படவில்லை. அதன் புகழ்பெற்ற சான்றில் தேதிகளே எதிராக நிற்கின்றன. நினைவூட்டும் குறியாக, உடலில் அணிந்த மன்றாட்டாக, அது நிற்கிறது, நன்றாகவே நிற்கிறது. திருச்சபையின் பழமையான எச்சரிக்கைகள் எதையும் மீறவில்லை. ஒருவர் கழுத்தில் கிடப்பது பதக்கமா தாயத்தா என்று பிரித்தறிய அவரிடம் கோட்பாடு கேட்க வேண்டியதில்லை. அது தொலைந்த நாளில் அவர் என்ன செய்கிறார் என்று பார்த்தால் போதும். அச்சத்தில் வெளியே கிளம்ப மறுத்தால் அது தாயத்து. செபத்தைச் சொல்லிவிட்டுப் புறப்பட்டால் பதக்கம். கிறிசோஸ்தோமின் செப்புக் காசும் அக்குவினாஸின் முக்கோணச் சிமிழும் முதல் வகையில் சேரும். கொல்கத்தாவில் தம்மைப் பார்க்க வந்தவர்கள் கையில் அன்னை தெரசா ஓயாமல் வைத்தனுப்பிய பதக்கங்கள் இரண்டாம் வகை என்று நம்புகிறேன். அவற்றைத் தந்த கைகள் சாகக் கிடப்பவரைத் தூக்கிய கைகள்.

திருத்தம் தொடங்க வேண்டிய இடம் அந்த அச்சுத் தாள். காலராவை அதிலிருந்து எடுத்துவிடலாம். மெட்டன் மடத்துக் கதையை ஆசீர்வாதப்பர் பதக்கத்தின் தாளிலிருந்து எடுத்துவிட்டு, அந்த எழுத்துகளின் பொருளை முழுதாகத் தமிழில் அச்சிடலாம். அற்புதப் பதக்கத்தின் தாளில் காலியாகும் இடத்துக்குக் கத்தரீனின் பிற்கால வாழ்வே போதும். காட்சிகள் முடிந்த பிறகு அவர் பாரிஸின் ரெயி பகுதியிலிருந்த முதியோர் இல்லத்துக்கு அனுப்பப்பட்டார். நாற்பதாண்டுகளுக்கு மேலாக அங்கே வயதான ஆண்களைக் குளிப்பாட்டி, உணவூட்டி, இறப்பவர் அருகில் அமர்ந்திருந்தார், கோழிகளையும் பார்த்துக்கொண்டார். கோடிக்கணக்கான கழுத்துகளில் தொங்கிய பதக்கம் தம் மூலமாக வந்தது என்பதை உடன் வாழ்ந்த சகோதரிகளிடம்கூடச் சொல்லவில்லை. பதக்கத்தை முதலில் அணிந்தவர்களில் ஒருவர் அதை எப்படி அணிந்தார் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கவுரை இதுவரை அச்சாகவில்லை.